திமிலும் தோள்பட்டையும்

மார்ச் 3, திங்கள்

கொப்பரைக் களங்களில் வெயில் ஏறுகிறது. கொப்பரைச் செட்டில் எனக்குக் கணக்கு முடிக்கும் மாதம். மதியம் தாண்டினால் தலையைச் சுற்றித் துண்டை முறுக்கிக் கட்டியதுபோல் இரண்டு நெற்றிப்பொட்டிலும் ஒரே அழுத்தம். தெறிப்பு இல்லை, குமட்டல் இல்லை, படியேறினால் கூடுவதும் இல்லை. ஒற்றைத் தலைவலி இப்படி இருக்காது, இது டென்ஷன் தலைவலி என்றார் டாக்டர். ரத்த அழுத்தம், கண் இரண்டும் சரியாக இருக்கின்றன. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்தைத் தாண்டியும் வந்துகொண்டிருந்தால் அது நாள்பட்ட தலைவலி என்று சர்வதேசத் தலைவலிச் சங்கம் வகுத்திருக்கிறது. சாதாரண வலி மாத்திரையும் அதே 15 நாளை எட்டினால் மாத்திரையே புதுத் தலைவலியைக் கிளப்புமாம். மருந்துக் கடையில் அட்டை அட்டையாக வாங்கும் ஊருக்கு இதை மைக் வைத்துச் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, புதன்

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார். அவர் பிடித்தது தோளில், வலித்தது நெற்றிப்பொட்டில். "தலை சும்மா இருக்குதுங்க சார், வேலையெல்லாம் இங்கதான் நடக்குது" என்றார். அந்தத் தசைக்கு டிரபீசியஸ் என்று பெயர். எந்தத் தசையின் முடிச்சு எங்கே வலியை அனுப்பும் என்று படம் போட்டு 1983-ல் புத்தகமாகக் கொண்டுவந்தவர்கள் ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள். டிராவெல், அதிபர் கென்னடிக்கு வெள்ளை மாளிகையில் வைத்தியம் பார்த்தவர். அந்த முடிச்சு உண்மையில் என்ன என்று மருத்துவர்களுக்குள் இன்னும் சண்டை. என் நெற்றிப்பொட்டுக்கு அந்தச் சண்டை தெரியாது.

மார்ச் 8, சனி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகள் 32-ல் உடம்பைப் பிடித்து விடும் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. எனக்கு வேண்டியது பிடித்தலும் அழுத்தலும் மட்டும்தான். மண்டையோட்டின் அடிவிளிம்பில், பிடரிக்குழியின் இருபுறமும் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தி, மூச்சு சீராகும்வரை விடாமல் இருப்பது. பிறகு தோள்சதையைப் பிடித்து விடுவது. கழுத்தின் முன்பக்கம் கை போகவே கூடாது, அங்கே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது.

சாயங்காலம் சலூனில், "அண்ணா, கழுத்துல ஒரு சொடக்கு எடுத்து உடட்டுங்களா?" என்று முடிவெட்டுபவர் கேட்டார். வேண்டாம் தம்பி, தலையை மட்டும் பிடித்து விடு போதும் என்றேன். வெடுக்கென்று கழுத்தைத் திருப்பினால் பிடரிப் பக்கத்து ரத்தக் குழாயின் உள்சுவர் கிழியலாம். அங்கே கட்டும் ரத்தம் மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். 2024-ல் கர்நாடகத்துப் பல்லாரியில் சலூனில் கழுத்தைத் திருப்பிவிட்டதில் ஒருவருக்கு அப்படி ஆனதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

மச்சானோடு பழையகோட்டை மாட்டுச் சந்தைக்குப் போனேன். அவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, நான் திமிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திமிலைக் கொழுப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். அதில் பெரும்பகுதி தசை. நம் இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் முதுகெலும்போடு ஒட்டிக் கிடக்கிற ராம்பாய்டு தசைதான் காங்கேயம் காளைக்கு அப்படிப் புடைத்து நிற்கிறது. அதைவிட எனக்கு வியப்பு வேறொன்று. மாடு நாள் முழுக்கத் தலையைத் தொங்கப் போட்டு மேய்கிறது. அந்தத் தலையைத் தாங்க அதன் பிடரியில் ரப்பர்போல் இழுபடும் தடித்த தசைநார் ஒன்று ஓடுகிறது. நமக்கு இருப்பது பேருக்கு மெல்லியதாக ஒன்று. நாம் குனிந்தால் பாரமெல்லாம் பிடரித் தசைகளுக்கே. சுமார் 5 கிலோ தலை, 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரமாக இறங்கும் என்று கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் 2014-ல் கணக்குப் போட்டார். ஆளை நிறுத்தி அளந்ததல்ல, காகிதக் கணக்கு. இருந்தாலும் செல்போனில் வாட்ஸ்அப் பார்க்கும் கோணம் ஏறக்குறைய அதுதான்.

மார்ச் 23, ஞாயிறு

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு லோடு சொல்வது நின்றது, காதில் ஹெட்போன். கம்ப்யூட்டருக்கு அடியில் பழைய பேரேடுகள் இரண்டை அடுக்கியதில் திரை கண்மட்டத்துக்கு வந்தது. பல் கடிக்கும் விஷயத்தைக் கண்டுபிடித்தவள் வீட்டுக்காரி. "ஏனுங்க, கூட்டல் போடறப்ப எதுக்குங்க பல்லை இந்தக் கடி கடிக்கறீங்க?" உதடு மூடியிருக்க வேண்டும், பல்லோடு பல் படாமல் இருக்க வேண்டும். தாடைத் தசை இறுகினால் பொட்டுத் தசையும் சேர்ந்து இறுகும். எல்லாவற்றிலும் கஷ்டமான பழக்கம் இதுதான், ஏனென்றால் கடிப்பது நமக்கே தெரியாது.

மார்ச் 30, ஞாயிறு

அமெரிக்காவில் 56 பேரை வைத்துச் செய்து 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றைப் படித்தேன். ஒரு பிரிவுக்கு 12 முறை மசாஜ். இன்னொரு பிரிவுக்கு, வேலை செய்யாத அல்ட்ராசவுண்டு கருவியால் வெறுமனே தடவல். இரண்டு பிரிவிலும் தலைவலி குறைந்தது, அதுவும் ஏறக்குறைய ஒரே அளவு! சும்மா காத்திருந்தவர்களுக்குத்தான் குறையவில்லை. அக்கறையோடு ஒரு கை படுவதற்கே பாதி பலன் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்காக மசாஜை நிறுத்த மாட்டேன். ஆனால் டென்மார்க்கில் 198 பேரிடம் நடந்து 2011-ல் வெளிவந்த சோதனை எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது: ரப்பர் பட்டையைப் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சி, வாரம் 5 நாள், நாளுக்கு 2 நிமிடம். 10 வாரத்தில் கழுத்து, தோள் வலி குறைந்தது. பிடித்து விட்டால் தசை தளரும், வலுவாகாது. என் மேஜை இழுப்பறையில் இப்போது ஒரு பட்டை கிடக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

வருசப் பிறப்புக்கு முந்தின நாள். கணக்கு முடிந்தது. வலி போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. வருகிற நாட்கள் குறைந்திருக்கின்றன, வந்தாலும் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடுகிறது. படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இடி விழுந்ததுபோல் திடீரென்று வந்த தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கைகால் மரத்துப்போதல், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தலைவலி, இவற்றில் எது இருந்தாலும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.