குவியலுக்குள் ஒளிந்த ஈரம்

ஒவ்வோர் ஆண்டும் ரமளானுக்கு முன்னர் எங்கள் மஹல்லாவில் ஐந்தாறு வீட்டுப் பெண்கள் சேர்ந்து, வசதி குறைந்த குடும்பங்களுக்கு உணவுப் பைகள் கட்டிக் கொடுப்பது வழக்கம். அரிசி, பாசிப்பருப்பு, எண்ணெய், பேரீச்சம்பழம், நிலக்கடலை என நோன்பு மாதத்தின் தேவையை ஓரளவேனும் தாங்கும் பொருள்கள் அவற்றில் இருக்கும். விலை ஏறுமுன் வாங்கி வைத்தால் இன்னும் நான்கு குடும்பங்களுக்குச் சேர்த்துக் கொடுக்கலாமே என்ற எண்ணத்தில், ஒரு முறை அக்டோபர் மாதமே உரித்த நிலக்கடலை இரண்டு மூட்டைகள் வாங்கினோம். பழைய மத்ரஸாக் கட்டடத்தின் பின்னறையில், சுவரோரமாக, வெறும் தரையிலேயே அடுக்கி வைத்தோம். பிறகு வடகிழக்குப் பருவமழை வந்தது. மூட்டைகளை நாங்கள் மறந்தே போனோம்.

ரஜப் மாதத்தில் முதல் மூட்டையை அவிழ்த்தபோது மேலே இருந்த கடலை நன்றாகவே இருந்தது. இரண்டு பைகளுக்கு அளந்தும் விட்டோம். மூன்றாவது பைக்காகக் கையை ஆழமாக விட்டவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். உள்ளே வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தன. அள்ளிப் பார்த்தோம். பல மணிகள் சுருங்கி நிறம் மாறியிருந்தன. சிலவற்றின் மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த பூசணம் படிந்திருந்தது.

அந்தக் கணத்தில் எங்கள் அனைவருக்கும் ஒரே நிகழ்வுதான் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, விரல்களில் ஈரம் படக் கண்டு, அதன் உரிமையாளரிடம் விளக்கம் கேட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்று அவர் காரணம் சொன்னார். நனைந்ததை மறைத்ததையே அண்ணலார் கண்டித்தார்கள். சிறு வயதில் இந்த ஹதீஸை ஓதிக் கேட்ட நாங்கள், அதை வணிகர்களுக்கான பாடம் என்றே எண்ணியிருந்தோம். அன்று, குவியலின் உரிமையாளர்களாக நாங்களே நின்றோம்.

என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. உணவை வீணாக்குவது பாவம். கெட்டதைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, வறுத்துக் கொடுக்கலாம் என்றார் பெரிய மாமி. பஞ்ச காலத்தைப் பார்த்தவர் அவர். ஒரு பருக்கையைக்கூடத் தரையில் விடாதவர். மனிதர்களுக்கு வேண்டாம், மாடு வளர்ப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போமா என்று மெல்லக் கேட்டார் மூன்றாமவர். அக்கேள்விக்குப் பிறகு அறையில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. தர்மத்துக்கென்று மட்டமானதைப் பொறுக்கி எடுப்பதைக் குர்ஆன் விலக்கியிருப்பதை நாம் அறிவோம். எனினும் இது மட்டமானதா, மனிதர் உண்ணக் கூடாததா என்று எங்கள் கண்களால் தீர்மானிக்க இயலவில்லை.

எங்களில் ஒருவருடைய ராத்தா மகள் வேதியியலில் முதுகலை முடித்து, உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பணியாற்றுகிறார். அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். நிலைமையைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் சொற்கள்: “சாச்சி, அதில் ஒரு மணிகூட யார் வாய்க்கும் போகவேண்டாம்.” பிறகு பொறுமையாகக் காரணங்களை விளக்கினார்.

ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூஞ்சை வளர்கிறது. அது அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. கல்லீரலைத் தாக்கும் அந்த நஞ்சு, நீண்ட காலம் சிறுகச் சிறுக உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மேலும் பெருகுகிறது. வறுத்தால் பூஞ்சை செத்துவிடும்; அது விட்டுச் சென்ற நஞ்சு நம் அடுப்பின் சூட்டில் முழுமையாக அழிவதில்லை. கழுவினாலும் போவதில்லை. மாட்டுக்குப் போட்டால், அந்த நஞ்சே சற்று உருமாறிப் பாலில் வந்துவிடுகிறது. நாம் வாசல் வழியாக வெளியே அனுப்பியது, மறுநாள் காலையில் குழந்தையின் பால் குவளையில் திரும்பி வரக்கூடும்.

இந்த நஞ்சு மனித அறிவுக்குத் தெரிய வந்ததே அண்மையில்தான். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்தன. தொற்றுநோய் என்று முதலில் ஐயுற்றவர்கள், பின்னர் அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தனர். வேதியியலாளர்கள் அதிலிருந்து பொருள்களைத் தனித்தனியே பிரித்து, புற ஊதா ஒளியில் வைத்தபோது சில நீல நிறமாகவும் சில பச்சை நிறமாகவும் ஒளிர்ந்தன. நீலத்துக்கும் பச்சைக்கும் உரிய ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளே இன்றும் அந்த நஞ்சின் வகைகளுக்குப் பெயராக, பி என்றும் ஜி என்றும் நிலைத்துள்ளன.

நம் நாட்டிலும் அதன் கொடுமை நிகழ்ந்திருக்கிறது. 1974ஆம் ஆண்டு இராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில் பருவம் தவறிப் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்தது. அதையே அன்றாட உணவாகக் கொண்ட பழங்குடி மக்களுக்கு மஞ்சள் காமாலை கண்டது, வயிறு வீங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே உணவைத் தின்ற வீட்டு நாய்களும் மாண்டன. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்தச் சோளத்தைச் சோதித்து, காரணம் அஃப்லாடாக்சின் என்று கண்டறிந்தார்கள். அம்மக்கள் நனைந்த சோளத்தை உண்டது அறியாமையால் மட்டுமன்று. வேறு சோளம் அவர்களிடம் இல்லை. எங்கள் உணவுப் பைகள் எந்த வீடுகளுக்குச் செல்லவிருந்தனவோ, அந்த வீடுகளையே அப்போது நினைத்துக்கொண்டோம். வேறு கடலை வாங்க வழியற்றவர்களே அதைக் கசப்போடு விழுங்குவார்கள்.

மேலே இருந்ததும் இரண்டாவது மூட்டையும் நன்றாகத்தானே இருக்கின்றன என்ற ஆசை எங்களை விடவில்லை. ஆகவே மாதிரியை அனுப்பச் சம்மதித்தோம். மாதிரி எடுப்பதிலேயே ஒரு பாடம் இருந்தது. நஞ்சு மூட்டை முழுவதும் சீராகப் பரவுவதில்லை. நூறு மணிகள் சுத்தமாக இருக்க, ஒரே மணியில் அளவுக்கு மீறிய நஞ்சு திரண்டிருக்கலாம். எனவே மேலிருந்து ஒரு பிடி அள்ளிச் சோதிப்பது சோதனையே ஆகாது. மேல், நடு, அடி, ஓரம் எனப் பல இடங்களில் எடுத்து, ஒன்றாக அரைத்து, கலந்து, அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அதைக் கேட்டபோது, குவியலுக்குள் நுழைந்த அந்தப் புனிதக் கரத்தை மீண்டும் நினைத்தோம். மேற்பரப்பை நம்பாதே என்ற அதே கொள்கைதான் இன்று பரிசோதனைக் கூடத்தின் முதல் விதியாக நிற்கிறது.

அந்தக் கூடங்கள் தேடும் அளவும் வியப்புக்குரியது. தானியங்களுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்துள்ள உச்ச வரம்பு, ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஆயிரம் டன் தானியத்தில் 15 கிராம் என்று கணக்கிட்டால் அதன் நுண்மை விளங்கும். நாவுக்கோ மூக்குக்கோ எட்டாத அந்த அளவை வேதியியல் எட்டிப் பிடித்து, எண்ணாக எழுதித் தருகிறது.

எங்கள் மூட்டைகளுக்கான முடிவு வந்தது. முதல் மூட்டையில் நஞ்சு வரம்பைக் கடந்திருந்தது. அடியில் மட்டும் ஈரம் ஏறியிருந்த இரண்டாவது மூட்டையிலும் அது காணப்பட்டது. இரண்டையும் ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தோம். மண்ணைத் தள்ளும்போது பெரிய மாமியின் கண்கள் கலங்கின. “வீணாக்கினது இன்னைக்கு இல்லம்மா, அன்னைக்குத் தரையில வச்சோமே, அப்பவே” என்றார். உண்மை அதுதான். விற்றவர் நல்ல பொருளையே தந்தார். அமானிதமாக வந்த பிறருடைய பணத்தை மழைக்கு ஒப்படைத்தவர்கள் நாங்கள். அந்தத் தொகையை எங்களுக்குள் பகிர்ந்து ஈடுசெய்தோம். நடந்ததை நன்கொடையாளர்களிடம் மறைக்காமல் சொன்னோம். அல்ஹம்து லில்லாஹ், அவர்கள் அடுத்த ஆண்டும் எங்களை நம்பினார்கள்.

இதன் பிறகு, ‘கெமிக்கல்’ என்ற சொல்லை நாம் பயன்படுத்தும் விதம் குறித்து எங்களுக்கு யோசனை எழுந்தது. இயற்கையானது அனைத்தும் நல்லது, வேதியியல் சார்ந்தது அனைத்தும் கெட்டது என்று நம் வீடுகளில் எளிதாகப் பேசிவிடுகிறோம். எங்கள் மூட்டையில் இருந்த நஞ்சை எந்த ஆலையும் தயாரிக்கவில்லை, இயற்கையே தயாரித்தது. அதைக் காட்டிக்கொடுத்தது வேதியியல்.

அதே வேதியியல் மோசடிக்குத் துணைபோவதும் உண்டு என்பதற்கு வங்கதேசத்து மஞ்சள் ஒரு சான்று. 1980களில் பெருவெள்ளத்தால் மஞ்சள் கிழங்குகள் நனைந்து நிறம் மங்கியபோது, அவற்றைப் பளபளப்பாக்க ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் நிறமியைப் பூசும் வழக்கம் தொடங்கியதாக அந்நாட்டு வணிகர்களே ஆய்வாளர்களிடம் கூறியுள்ளனர். இங்கும் தொடக்கம் ஈரம்தான். அதை மறைக்க நஞ்சு வந்தது. கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில் இருந்த ஈயத்தையும் மஞ்சளில் இருந்த ஈயத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2019இல் ஆய்வு வெளிவந்ததும் அரசு சந்தைகளில் கருவிகளோடு இறங்கிச் சோதித்தது. தவறு செய்தவர்களுக்கு அபராதம் விதித்தது. அவ்வாண்டில் 47 விழுக்காடு மாதிரிகளில் காணப்பட்ட ஈயம், 2021இல் எதிலும் காணப்படவில்லை. நோன்புக் கஞ்சியில் நாம் போடும் ஒரு சிட்டிகை மஞ்சளுக்குப் பின்னாலும் இத்தகைய காவல் தேவைப்படுகிறது.

இஸ்லாமிய நகரங்களில் சந்தையைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரி இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த ஷைஸரி எழுதிய கையேடு, எந்தப் பொருளில் எது கலக்கப்படும், அதை எவ்வாறு அறிவது என்று அத்தகைய அதிகாரிகளுக்குக் கற்பிக்கிறது. இன்று பரிசோதனைக் கூடத்தில் வெள்ளை அங்கியுடன் நிற்கும் நம் பிள்ளைகள் அந்தப் பணியின் வாரிசுகளே. உணவு ஹலாலா என்று நாம் கவனமாகக் கேட்கிறோம்; அது தய்யிபா, தூய்மையானதா, உடலுக்கு நலம் தருவதா என்ற கேள்வியையும் அதனுடன் சேர்த்தே கேட்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

எங்கள் கிடங்கில் இப்போது சில மாற்றங்கள் வந்துள்ளன. மூட்டைகள் மரப்பலகைகளின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே அடுக்கப்படுகின்றன. மழைக்காலத்தில் பொருள் வாங்கிக் குவிப்பதில்லை. நிலக்கடலையில் 7 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் ஏறக்கூடாது என்பதால், வாங்கும்போதே அது நன்கு காய்ந்ததா என்று கேட்டறிகிறோம். வீட்டில் சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் மணிகளைக் குழந்தைகள் துப்பினால் அதட்டுவதில்லை. ஐயம் எழுந்தால் கட்டணம் செலுத்தி உணவைச் சோதிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவருக்கே வழங்கியிருப்பதையும் அறிந்துகொண்டோம்.

ஒவ்வொரு மூட்டையை அவிழ்க்கும்போதும், பெரிய மாமிதான் முதலில் கையை உள்ளே விடுகிறார். பிஸ்மில்லாஹ் சொல்லி, முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார். அதன் பின்னரே அளக்கத் தொடங்குகிறோம். நம் கைகள் கொடுக்கும் உணவு, பெறுபவரின் வயிற்றுக்கு நன்மையாகவே சேர அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.