செம்பு நாடும் வைர நாடும்

ஜாம்பெசி நதியும் சோபே நதியும் கூடுகிற கசுங்குலா என்னும் இடத்தில் ஜாம்பியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, நமீபியா ஆகிய நான்கு தேசங்களின் எல்லைகளும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் வந்து முட்டுகின்றன. அங்கே 923 மீட்டர் நீளத்தில், ஆற்றின்மேல் வில்லைப் போல வளைந்து கிடக்கிறது ஒரு பாலம். நேராகக் கட்டினால் ஜிம்பாப்வேயின் எல்லைக்குள் போக நேரும் என்பதற்காகவே அதை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். 2021 மே மாதத்தில் அது திறக்கப்படும் வரையில், மிதவைப் படகில் ஏறி அக்கரை சேர்வதற்காக லாரிகள் நாள்கணக்கில் கரையில் காத்துக் கிடக்குமாம். 2024 ஆகஸ்டு மாத நடுவில், ஒரு காலை வேளையில், ஜாம்பியாவின் பக்கத்திலிருந்து நான் அந்தப் பாலத்தை நெருங்கியபோது, எனக்கு முன்னால் நின்ற லாரியில் செம்புத் தகடுகள் பட்டை கட்டி அடுக்கடுக்காக ஏற்றப்பட்டிருந்தன. இளவெயில் பட்ட இடமெல்லாம், புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்த குடத்தின் நிறத்தில் அவை ஒளிர்ந்தன.

அக்கரையில் இருப்பது வைரம் விளையும் பூமி. ஜாம்பியா சுதந்திரம் அடைந்தது 1964 அக்டோபர் 24. போட்ஸ்வானா அடைந்தது 1966 செப்டம்பர் 30. இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தவை. இரண்டுக்கும் சமுத்திரக் கரை கிடையாது. இரண்டும் பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் பொருளையே நம்பி ஜீவனம் செய்பவை. ஆயினும் இன்று போட்ஸ்வானாவின் தலைவீத வருமானம் ஜாம்பியாவினுடையதைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். ஒரு தேசம் நன்றாக ஆளப்பட்டது, மற்றது அப்படி ஆளப்படவில்லை என்று பொருளாதார நூல்கள் இதற்கு விடை சொல்கின்றன. அந்த விடையை நம்பித்தான் நானும் பிரயாணம் புறப்பட்டேன். ஆனால், கிட்வே நகரில் ஒரு முதியவருடைய வீட்டுத் திண்ணையில் இரண்டு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து பேசிய பிறகு, அது பாதி விடைதான் என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது.

கிட்வே, செம்புப் பிரதேசத்தின் நடுநாயகமான ஊர். ஊரின் ஓரத்தில் ஒரு பெரிய கருமலை நிற்கிறது. அது இயற்கையாக எழுந்த மலை அன்று. செம்பை உருக்கி எடுத்த பிறகு கொட்டிய கசடு, பல தலைமுறைக் காலமாகச் சேர்ந்து மலையாகிவிட்டது. அந்தக் கசட்டில் இன்னும் மிச்சமிருக்கும் செம்புக்காக இளைஞர்கள் அதைக் கொத்திக் குடைந்துகொண்டே இருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதி சரிந்து பத்துப் பேரை விழுங்கியது. அதற்குப் பிறகும் குடைகிறார்கள் என்றால், வேறு பிழைப்பு எவ்வளவு அருமையாக இருக்க வேண்டும்!

நான் சொன்ன முதியவர் ஏறத்தாழ முப்பது வருஷம் பூமிக்கு அடியில் வேலை செய்தவர். சுரங்கங்கள் அரசாங்கத்தின் வசம் இருந்த காலத்தைப் பற்றி அவர் பேசும்போது, காலஞ்சென்ற தகப்பனாரைப் பற்றிப் பேசுகிற குரல் வந்துவிடுகிறது. வீடு சுரங்கத்தினுடையது, பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடமும், மனைவி பிரசவித்த ஆஸ்பத்திரியும் சுரங்கத்தினுடையவை. "விளக்கு எரியாமல் போனால் பல்பு மாற்றுவதற்குக்கூட அவர்களே ஆள் அனுப்புவார்கள், ஐயா. கடையில் பல்பு என்ன விலை என்று எனக்கு நாற்பது வயது வரையில் தெரியாது" என்றார். 1990களின் பிற்பகுதியில் சுரங்கங்கள் துண்டு துண்டாகத் தனியாருக்கு விற்கப்பட்டன. குடியிருந்த வீட்டை அவருக்கே சொந்தமாக்கிக் கணக்கை முடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் பல்பும் அதோடு போயின. இன்று அந்த வீட்டின் முன்புறச் சுவரை இடித்து, 'கந்தெம்பா' என்று அவர்கள் சொல்லும் பெட்டிக்கடை ஒன்றை வைத்திருக்கிறார்கள். கீழே நான்கு, மேலே ஒன்று என்று கூறு கட்டிய தக்காளியும், ஒரு வேளைச் சமையலுக்கு மட்டும் காணும்படி சின்னஞ்சிறு பைகளில் கட்டிய மரக்கரியும், ஒற்றை ஒற்றையாகப் பிரித்து விற்கும் சிகரெட்டுமே சரக்கு. பையில் இருக்கும் கரித் துண்டுகளை, வாங்க வந்த ஒரு பெண் வெளியிலிருந்தே விரலால் தடவித் தடவி எண்ணிப் பார்த்ததை நான் கண்டேன்.

நான் சென்ற 2024ஆம் வருஷம் ஜாம்பியாவுக்குப் பெரும் கஷ்ட காலம். மழை பொய்த்து, பயிரிட்ட மக்காச்சோளத்தில் ஏறத்தாழப் பாதி கருகிப்போகவே, பிப்ரவரி மாதத்திலேயே தேசியப் பேரிடர் என்று அறிவித்துவிட்டார்கள். மின்சாரத்தில் பெரும் பங்கு நீர்வீழ்ச்சியையும் அணைகளையும் நம்பியது. கரிபா அணையின் ஏரியில் நீர் இறங்கிவிட்டபடியால், நாளொன்றுக்குச் சில மணி நேரம் மின்சாரம் வந்தாலே புண்ணியம் என்ற நிலை. லுசாகா நகரில் நான் தங்கியிருந்த தெருவில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. பகலெல்லாம் அது மூடிக் கிடக்கும். நள்ளிரவுக்குப் பின் திடீரென்று தெருவிளக்குகள் உயிர் பெறும். அடுத்த நிமிஷமே பட்டறையில் நீலப் பொறி பறக்கும். எதிர் வீட்டில் ஒரு பெண்மணி துணிகளைக் குவித்துக்கொண்டு இஸ்திரி போடத் தொடங்குவார். ஜனங்கள் உறக்கத்தை விற்று வேலையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். 'ம்பவுலா' என்ற கரியடுப்பில் கிண்டிய ந்ஷிமா என்னும் சோள மாவுக் களியைக் கையால் உருட்டி, நடுவில் கட்டை விரலால் குழி செய்து, கப்பெந்தா என்ற நெத்திலி போன்ற கருவாட்டுக் குழம்பில் தோய்த்து உண்கிற அந்த எளிய உணவுக்குக்கூட, மாவு மூட்டையின் விலையைச் சொல்லிப் பெருமூச்சு விடாத வீட்டை நான் காணவில்லை. அப்படியிருந்தும் விருந்தாளியின் முன் களி குறைந்ததே இல்லை என்பதை நன்றியோடு எழுதுகிறேன்.

இந்தத் தாழ்வு எங்கிருந்து வந்தது? சுதந்திரம் கிடைத்தபோது ஆப்பிரிக்காவில் வசதி மிகுந்த நாடுகளில் ஒன்றாகவே ஜாம்பியாவை எண்ணினார்கள். ஆனால் அந்தச் செம்பின் பலன் அதுவரை யாரிடம் போய்ச் சேர்ந்தது? கனிம உரிமைத் தொகை, சிசில் ரோட்ஸ் நிறுவிய கம்பெனிக்குச் சுதந்திரத்தின் தறுவாய் வரையில் போய்க்கொண்டிருந்தது. அண்டை நாடுகளோடு சேர்த்து 1953 முதல் 1963 வரை நடத்திய கூட்டாட்சியில், செம்பு வருமானத்தில் பெரும் பங்கு தெற்கு ரொடீஷியாவை, அதாவது இன்றைய ஜிம்பாப்வேயை, செழிக்கச் செய்தது. கரிபா அணையின் முதல் மின்நிலையத்தைக்கூடத் தென்கரையில்தான் கட்டினார்கள். இத்தனைக்குப் பிறகு முதல் ஜனாதிபதி கென்னத் கவுண்டாவின் கையில் வந்த தேசத்தில், பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் ஏறக்குறைய நூறு பேர்.

பிறகு நேர்ந்தவற்றில் அவருடைய தவறுகளும் உண்டு. சுரங்கங்களில் 51 விழுக்காட்டை அரசு எடுத்துக்கொண்டதும், நகரத்து ஜனங்களுக்கு மலிவாக மாவு கொடுக்க வேண்டிக் குடியானவனைக் கவனியாது விட்டதும், ஒரே கட்சி ஆட்சியை நிலைநிறுத்தியதும் அவர் செய்தவை. ஆனால் 1965இல் ரொடீஷியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் பிரகடனம் செய்தபோது அதற்கு எதிராக நின்று, தெற்கே கடலுக்குப் போகும் தன் வழியைத் தானே இழந்து, அண்டை நாடுகளின் விடுதலைப் போராளிகளுக்குத் தலைநகரிலேயே இடம் கொடுத்து, அதன் பயனாகக் குண்டுவீச்சையும் தாங்கிய தேசம் அது. சீனாவின் துணையோடு டார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு 1860 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது இந்த நெருக்கடியினால்தான். அந்தப் பாதை முடிவதற்கும் லண்டன் சந்தையில் செம்பு விலை விழுவதற்கும் சரியாக இருந்தது: 1974இல் உச்சத்தில் இருந்த விலை அடுத்த வருஷமே பாதியாகிவிட்டது. கடன் அங்கே தொடங்கியது. அதைத் தள்ளுபடி செய்து கொடுத்த பிறகும் புதுக் கடன் ஏறி, 2020 நவம்பரில் தவணை கட்ட முடியாமல் நின்றார்கள்.

பாலத்தைக் கடந்து போட்ஸ்வானாவின் எல்லைச் சாவடியில் இறங்கினால், முதலில் மருந்து நீரில் நனைத்த ஒரு சாக்கின்மேல் செருப்புக் காலோடு மிதிக்கச் சொல்கிறார்கள். பெட்டியிலிருக்கும் மற்றச் செருப்புகளையும் எடுத்து மிதிக்க வைக்க வேண்டும். மாட்டுக்குக் கோமாரி வராமல் காக்கும் ஏற்பாடு இது. வைரம் கண்டுபிடிப்பதற்கு முன்னால் இந்த நாட்டின் ஒரே செல்வம் மாடு. லொபாட்சே ஊரின் இறைச்சிச் சாலை 1950களில் ஏற்பட்டது. அந்த இறைச்சியை ஐரோப்பா வாங்க வேண்டுமானால் நோய் இருக்கக் கூடாது. ஆகவே கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குக் கம்பி வேலிகள் போட்டிருக்கிறார்கள். கசானேயிலிருந்து பிரான்சிஸ்டவுன் போகும் ஐந்நூறு கிலோமீட்டர் சாலையில் நாங்கள் கடந்த மனிதர்களைக் காட்டிலும் யானைகளே அதிகமாக இருக்கும். தேசம் முழுவதிலும் ஜனத்தொகை சுமார் 24 லட்சம். ஜாம்பியாவிலோ சுமார் இரண்டு கோடி.

சுதந்திரத்தன்று இந்நாட்டில் தார் போட்ட சாலை 12 கிலோமீட்டர். பட்டதாரிகள் 22 பேர் என்று சொல்வார்கள். 1965 வரையில் தலைநகரே நாட்டுக்கு வெளியில், தென்னாப்பிரிக்காவின் மாபெகிங்கில் இருந்தது. ரூத் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்த குற்றத்துக்காக பிரிட்டிஷ் அரசினால் நாடு கடத்தப்பட்டிருந்த செரெட்சே காமா முதல் ஜனாதிபதி ஆனார். அடுத்த வருஷமே, 1967இல், ஓராபாவில் வைரம் கிடைத்தது. அது அவருடைய சொந்தக் குலமான பமங்வாட்டோ மக்களின் நிலம். ஆயினும், எந்த நிலத்தில் கிடைத்தாலும் கனிமம் தேசத்துக்கே உரியது என்று சட்டம் செய்தார்கள். வைரத்தைத் தோண்டிய கம்பெனியில் முதலில் 15 விழுக்காடாக இருந்த அரசின் பங்கை, 1970களின் நடுவில், பொறுமையாகப் பேசியே 50 விழுக்காடாக உயர்த்தினார்கள். இதை அறிவென்றும் நேர்மையென்றும் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: செம்பின் விலை சந்தையின் அலையில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், வைரத்தின் விலையை ஒரே கம்பெனி, வரத்தை அடக்கி வைத்து, பல பத்தாண்டுகள் ஸ்திரமாகக் காத்து வந்தது. ஒருவன் வயலுக்கு வானம். மற்றவன் வயலுக்கு வாய்க்கால். இரண்டு விளைச்சலையும் வைத்து உழவர்களின் யோக்கியதையைத் தீர்ப்பது நியாயமாகாது.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பது கண்ணுக்குத் தெரிகிறது. செரோவே என்ற பெரிய கிராமத்தில், நான் தங்கிய வீட்டு அம்மாள் தம் தங்கையோடு சுகாதார நிலையத்துக்குப் போனபோது நானும் உடன் சென்றேன். ஓட்டுக் கூரை, கழுவிய தரை, வரிசையில் அமர்ந்த பெண்கள். பெயரைக் கூப்பிட்டதும் தங்கை எழுந்து போய், மாத்திரைப் புட்டிகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் திரும்பினார். காசு கேட்கவில்லை. எய்ட்ஸ் நோயினால் இந்தத் தேசமே அழிந்துபோகும் என்று உலகம் அஞ்சிய காலத்தில், 2002 முதல், 'மாசா' என்ற பெயரில் ஜனங்களுக்கு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். மாசா என்றால் புது விடியல். "அந்த மருந்து இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் எங்கள் அண்ணன் இருந்திருப்பார், ரா" என்று அந்த அம்மாள் நடந்துகொண்டே சொன்னார். 'ரா' என்பது ஆண்மக்களை மரியாதையாக விளிக்கும் சொல். அது இல்லாமல் அங்கே ஒரு வாக்கியமும் முடிவதில்லை.

ஆனால் அந்த அம்மாளின் மூன்று பிள்ளைகளில் இருவருக்கு வேலை இல்லை. நாட்டில் நாலில் ஒருவருக்கு மேல் அதே கதி. வைரச் சுரங்கம் நிறையப் பணம் தரும், நிறையக் கைகளுக்கு வேலை தராது. கபோரோனே நகரின் கடைகளில் சோப்பு முதல் பிஸ்கோத்து வரையில் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் சரக்கு. கண்ணாடி மாளிகைகளுக்குப் பின்னால், ஒற்றை அறை வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் மாதக் கடைசியில் கடன் வாங்குகிறார்கள். லுசாகாவின் சொவேட்டோ சந்தையில் கண்ட நெரிசலும், கூவி விற்கும் குரலும், பழந்துணிக் குவியலைக் கிளறும் கைகளும், அந்த ஏழ்மைக்கு நடுவே ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருக்கும் நெருக்கமும் எனக்கு இங்கே கிடைக்கவில்லை. எந்த ஊரில் வாழப் பிரியப்படுவாய் என்று கேட்டால், நோயுற்றால் போட்ஸ்வானாவில் என்பேன். மற்ற நாளுக்கு எனக்கு விடை தெரியவில்லை.

நான் செரோவேயில் இருந்த வாரத்தில்தான், கரோவே சுரங்கத்தில் 2492 காரட் எடையுள்ள வைரம் ஒன்று கிடைத்தது என்று செய்தி வந்தது. உள்ளங்கை நிறையப் பிடிக்கும் அந்தக் கல்லின் படத்தைப் பத்திரிகையில் எல்லோரும் பார்த்தார்கள். ஆயினும் வீட்டில் பேச்செல்லாம் வேறாக இருந்தது. தொழிற்சாலையில் செய்யும் செயற்கை வைரம் மலிந்து, அசல் கல் விற்காமல் தேங்கிக் கிடப்பதாகவும், அரசாங்க வேலைக்கு ஆள் எடுப்பது நின்றுவிட்டதாகவும் பிள்ளைகள் சொன்னார்கள். வாய்க்காலிலும் நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. செம்புக்கோ, மின்சாரக் கார்கள் பெருகுவதால், அவ்வருஷம் மே மாதத்தில் டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டி விலை ஏறியிருந்தது.

கபோரோனேக்குப் போகும் பஸ், வழியில் மஹலாப்யே என்ற ஊரில் நின்றது. அவித்து இடித்த மாட்டிறைச்சியும் களியும் விற்கும் ஒரு பெண்ணின் கூடாரத்தில் நாலைந்து லாரி டிரைவர்கள் அமர்ந்திருந்தார்கள். வெளியே நின்ற லாரியில், பட்டை கட்டிய அதே செம்புத் தகடுகள். பேசிப் பார்த்ததில், டிரைவர் கிட்வேக்காரர். டர்பன் துறைமுகத்துக்குப் போகிறார். இரண்டு நாட்டிலும் ஓட்டுகிறீர்களே, எது மேல் என்று கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்தார். இங்கே சாலை நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, வீட்டில் இப்போது கரண்டு இருக்குமோ என்னவோ, மகளுக்குப் பரீட்சை என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துப் பார்த்தார்.