மூத்தவனின் அறை

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே வெற்றறை என்று ஒன்று இருந்ததில்லை. நெல்லுக்கு ஓர் அறை, சாமிக்கு ஓர் அறை, பிள்ளைப்பேற்றுக்கும் நோய்க்கும் ஓர் அறை என வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கடமை இருந்தது. அறைகள் வெறுமையானது பிற்காலத்துச் செய்தி. பிள்ளைகள் கடல் கடந்தார்கள், கட்டில்கள் நின்றன. பூட்டிய அறையைத் திறந்து, தூசி தட்டி, மீண்டும் பூட்டுவது தாய்மார் பலரின் வெள்ளிக்கிழமைக் கடமைகளுள் ஒன்றாயிற்று.

வலிகாமத்துக் கிராமமொன்றிலே வாழும் ஆசிரியர் ஒருவரின் வீட்டிலும் அத்தகைய அறை ஒன்று உண்டு. அகலம் 10 அடி. நீளம் 12 அடி. மூத்த மகன் 1999 இல் அங்கிருந்துதான் கனடாவுக்குப் புறப்பட்டுப் போனான். 2012 இல் ஓய்வுபெற்ற ஆசிரியர் அவ்வறையைப் புத்தகங் கட்டும் அறையாக்க விரும்பினார்.

அது ஓய்வுகாலத்தில் திடீரெனத் தோன்றிய ஆசையன்று. 1981 மே 31 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தபோது அவர் இளம் ஆசிரியர். அதன் பின்னர் அச்சடித்த துண்டுக் கடதாசியொன்றையும் அவர் எறிந்தாரல்லர். டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய 'மல்லிகை'யின் இதழ்கள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், அந்தியேட்டிக்கு வெளியிடப்பெறும் கல்வெட்டுக்கள் யாவும் சாக்குகளிலே சேர்ந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. குழந்தைகளையும் அரிசியையும் சுமந்தவர்களால் சாக்குகளைச் சுமக்க இயலுமா? அடுத்த ஆண்டு சித்திரையில் திரும்பி வந்து பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவை கறையான் புற்றாகியிருந்தன. எஞ்சியவற்றையாவது தம் கையாலே தைத்துக் கட்டிவிட வேண்டும் என்பது அன்று எழுந்த எண்ணம்.

மனைவியார் கேட்டது ஒரே கேள்விதான்.

"அவன் வந்தால் எங்கை படுப்பான்?"

விறாந்தை உண்டு, மண்டபம் உண்டு, இளையவளின் அறையும் உண்டு. எனினும், அவர் கேட்டது படுக்கையைப் பற்றியன்று என்பதை அறிந்தமையால் ஆசிரியர் விடை கூறவில்லை. எட்டு மாதங்கள் கழிந்தன. ஒருநாள் தேநீரை வைத்துவிட்டுப் போகும்போது அம்மையார், "கட்டிலிலை வாள் படக்கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

அந்த நிபந்தனையே அறையின் அமைப்பை நிருணயித்தது. கட்டிலின் நான்கு கால்களும் சீமெந்துக் கற்களின் மேல் ஏற்றப்பட்டன. அதன் மீது பெரிய பலகை ஒன்று விரிக்கப்பட்டது. நின்று வேலை செய்வதற்கு வாய்ப்பான உயரம் கிடைத்தது. வேண்டும்போது கால் மணித்தியாலத்தில் மேசையை மீண்டும் கட்டிலாக்கலாம்.

உடைந்த ஓடுகள் மாற்றப்பட்டன, சுவர் பூசப்பட்டது. புத்தகத் தட்டுக்கள் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி நிறுத்தப்பட்டன. கறையான் மண்ணெடுத்து ஏறினால் கண்ணிற் படவேண்டுமல்லவா? தட்டுக்களின் கால்கள் கழிவு எண்ணெய் நிரம்பிய தகரப் பேணிகளில் நின்றன. பேணி வற்றுகின்றதா என்று பார்ப்பது இன்றும் அவரது காலைக் கடன்களுள் ஒன்று.

யன்னலில்தான் தவறு நேர்ந்தது. வடக்கு யன்னலால் வெயில் வராது என்று எங்கோ வாசித்த நினைவில், வடசுவரை இடித்துப் பெரிய யன்னல் வைத்தார். ஆசிரியத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு இவ்வாறு ஒரு குறை உண்டு: மேசனிடம் கேட்டறிவது அவர்களுக்கு எளிதன்று. யாழ்ப்பாணத்திலே சித்திரை தொடங்கி ஆவணி முற்பகுதி வரை நண்பகற் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். அந்த வாசகம் குளிர்நாட்டுக்காரனுக்கு எழுதப்பட்டது. ஆனி மாதத்தில் மூன்று நீல அட்டைகள் வெளிறிய பின்னரே அவர் யன்னலுக்குப் பனையோலைத் தட்டி கட்டினார்.

பசையாலும் ஒரு பிணக்கு மூண்டது. கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரியாதிருக்கத் துருசு சேர்ப்பது கட்டுநர் வழக்கம். துருசு நஞ்சு. ஆசிரியர் எடுத்தது சமையலறைச் சட்டியை. அச்சட்டி அன்றே வீட்டிலிருந்து விலக்கப்பட்டு அறைக்குரியதாயிற்று. இரண்டு நாட்கள் பேச்சுவார்த்தையும் இருக்கவில்லை.

வேலை மெதுவாகவே நடந்தது. கடற்காற்றிலே துருவேறிய கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கிழிந்த மடிப்புக்களுக்கு மெல்லிய தாள் ஒட்ட வேண்டும். நூலுக்குத் தேன்மெழுகு பூசித் தைக்க வேண்டும். மட்டைக்கும் நாரோட்டம் உண்டு. அது புத்தகத்தின் முதுகுக்கு இணையாக அமையாவிடின் பசை காய்ந்ததும் மட்டை வளைந்துவிடும். முதல் ஆறு நூல்களும் அவ்வாறு வளைந்தவையே. அவற்றை அவர் மறைத்து வைக்கவில்லை; தட்டின் முன்வரிசையிலேயே நிற்கின்றன.

2018 ஆடியில் மகன் வந்தான். அம்மையார் முதல் நாளே பலகையை அகற்றி, கற்களை எடுத்து, வெயிலிற் காய்ந்த மெத்தையை விரித்துவிட்டார். தைக்கப்படாத 'மல்லிகை'த் தாள்கள் விறாந்தை வாங்கிற்குப் போயின. பிள்ளைகளுக்கு வெக்கை ஒத்துக்கொள்ளாமையால், குடும்பத்தவர் நகரத்து விடுதியிலே தங்கினர். மகன் மட்டும் இரண்டு இரவுகள் வந்து படுத்தான். பசை மணக்கிறது என்றான். வளைந்த புத்தகமொன்றை நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் புறப்பட்டுவிட்டான்.

கட்டில் இறக்கியபடியே கிடந்தது. ஆவணி போயிற்று, புரட்டாதி போயிற்று. ஆசிரியர் விறாந்தையிலே வாங்கின் நுனியில் இருந்து தைத்தார். அறையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. மெத்தை விரிப்பு மட்டும் வெள்ளிதோறும் மாறியது.

ஐப்பசியில் முதல் மழை பெய்தது. சாரல் வாங்குவரை வந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மையார் தாள்களைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சொன்னார்:

"இஞ்சாருங்கோ, கடதாசியெல்லாம் நனையப்போகுது. கல்லைக் கொண்டு வாங்கோ, கட்டிலைத் தூக்குவம்."