முதலில் முன்சக்கரம், பிறகு எஞ்சின்

சிதம்பரம் ரயிலடியிலும் கடலூர் திருப்பாப்புலியூரிலும் வாடகைக்கு ஓடிய அம்பாசடர் கார்களில் பல, பிறந்தது பெட்ரோல் வண்டியாக, பிழைத்தது டீசல் வண்டியாக. என் வயதுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மார்கழிக் காலையில் வண்டியைக் கிளப்பும் முன் டிரைவர் ஹீட்டர் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணுவார். பிறகு ‘டகடக’வென்று தெருவே எழுந்துகொள்ளும்.

அப்படி ஒரு வண்டி எங்கள் குடும்பத்திலும் உண்டு. என் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், சிதம்பரத்தில் டாக்சி ஓட்டியவர். அவருடையது 1968-ஆம் வருடத்து மார்க் 2. அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வண்டி இன்னும் கொட்டகையில் நிற்கிறது. போன மாதம் அக்கா மகன் என்னிடம் வந்து, “மாமா, இதுக்குப் புது ஜப்பான் எஞ்சின் போட்டு, முன்னாடி சஸ்பென்ஷனையும் மாத்திடலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?” என்று கேட்டான். பஸ் பணிமனையில் முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவன் என்பதால் எனக்கு இந்த மரியாதை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். அதை வங்காளத்தில் உத்தரபாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை செய்துகொண்டிருந்தது. நம் அத்தான் வண்டியில் முதலில் இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். ஓசை இல்லாமல் ஓடும். ஆனால் லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர்தான் கொடுக்கும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் அன்று இருந்த விலை வித்தியாசம் உங்களுக்கு நினைவிருக்கும். சிதம்பரத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு நோயாளியை ஏற்றிப்போய்த் திரும்பினால், வாடகையில் பாதியை பங்கே விழுங்கிவிடும். 1980-ஐ ஒட்டிக் கம்பெனியே அம்பாசடரில் டீசல் எஞ்சின் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தது. புது வண்டி வாங்க வசதியில்லாதவர்கள் பழைய வண்டியிலேயே எஞ்சினை மாற்றிக்கொண்டார்கள். அத்தான் 1984-இல் மாற்றினார். போட்டது மேட்டடார் வேனின் எஞ்சின்.

எஞ்சின் மாற்றுவது பானையை இறக்கி வேறு பானையை ஏற்றுவது மாதிரி அல்ல. புது எஞ்சினின் பின்பக்கமும் பழைய கியர்பாக்ஸின் முன்பக்கமும் பொருந்தாது. நடுவில் கனமான தகடு ஒன்றை லேத்தில் கடைந்து வைக்க வேண்டும். அதன் மையம் நூல் பிசகினாலும் கிளட்சும் பேரிங்கும் சீக்கிரமே போய்விடும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளை வெட்டி வேறு இடத்தில் பற்ற வைக்க வேண்டும். ரேடியேட்டரை நகர்த்த வேண்டும். பெரிய பேட்டரி வேண்டும். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றுவது என்பதால், பின் அச்சில் கிரவுன் பினியன் பல் கணக்கையும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் அத்தானுக்குச் செய்து கொடுத்த மேஸ்திரி நன்றாகவே செய்தார். எரிபொருள் மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்திலும் முறையாகப் பதிந்து வாங்கினார்கள்.

ஆனால் முன்சக்கரங்களை யாரும் கவனிக்கவில்லை.

அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளமான எஃகுத் தண்டு ஒன்று முறுகிக் கொடுத்து எடையைத் தாங்கும். அதுதான் டார்ஷன் பார். ஷாக் அப்சார்பரும் இன்றைய குழாய் மாதிரி இல்லை. எண்ணெய் நிறைந்த ஒரு பெட்டி, அதிலிருந்து நீட்டிய ஒரு கை. சக்கரத்தின் மேல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதும் அந்தக் கைதான். இவை எல்லாமே பெட்ரோல் எஞ்சினின் எடைக்குக் கணக்குப் பண்ணியவை. டீசல் எஞ்சின், உள்ளே அழுத்தம் பல மடங்கு என்பதால், கெட்டியான இரும்பில் வார்த்தது. அந்தப் பாரத்தை ஏற்றியதும் வண்டியின் மூக்கு தாழ்ந்தது. முன் டயர்கள் உள்பக்கம் மட்டும் தேய்ந்தன. ஷாக் பெட்டியில் எண்ணெய் கசிந்தது. பிரேக் பிடித்தால் நின்ற இடத்தைத் தாண்டித்தான் நின்றது.

ஒருநாள் இரவு புதுச்சத்திரம் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது முன்பக்கம் தரையில் இடித்தது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். நல்லவேளை, வண்டி ஓடியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார். பெண் குழந்தை. ஆனால் அத்தான் அடுத்த நாள் வண்டியை எடுக்கவில்லை. “வண்டி ஓடுறது பெரிசில்லடா, நிக்கணும், நிமிர்ந்து நிக்கணும்” என்றார்.

அதற்குப் பிறகுதான் முன்பக்கம் சரியானது. டார்ஷன் பாரைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டு உயரத்தைக் கூட்டினார்கள். சேசிஸ் பக்கம் ஒரு பிராக்கெட், கீழ்க் கையில் ஒரு பிராக்கெட் வைத்துக் குழாய் ஷாக் பொருத்தினார்கள். பழைய ஷாக் பெட்டி சக்கரத்தைப் பிடிப்பதற்காக மட்டும் அங்கேயே இருந்தது. கிங் பின், புஷ், பிரேக் லைனிங் எல்லாம் புதிது. எஞ்சினுக்குச் செய்த செலவில் கிட்டத்தட்ட பாதி இதற்கு ஆனது. வண்டி அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் சவாரி போனது. அந்த வருமானத்தில்தான் அக்கா மகன் படித்தான்.

அமெரிக்காவில் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். 1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 2 காரின் முன் சஸ்பென்ஷன் அமைப்பைப் பின்பற்றித் தனியாகவே செட் விற்கிறார்கள். பழைய காரின் முன்பக்கத்தில் அதைப் பற்ற வைத்து, செவ்ரோலே வி-8 எஞ்சினை ஏற்றுவார்கள். அங்கேயும் முன் அச்சின் உயரத்தையும் ஸ்டியரிங் இருக்கும் இடத்தையும் முடிவு பண்ணிவிட்டுத்தான் எஞ்சின் மவுண்டைப் பற்ற வைப்பார்கள். இல்லாவிட்டால் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி போய் ஸ்டியரிங்கில் இடிக்கும். அவர்கள் வேகத்துக்காகச் செய்தார்கள். நாம் வயிற்றுக்காகச் செய்தோம். வரிசை ஒன்றுதான்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வகை எஞ்சினை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கலாம். வேறு கம்பெனி எஞ்சினையும் வேறு சஸ்பென்ஷனையும் இன்று போட்டால் ஆர்.சி.க்கே ஆபத்து. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

“அப்போ விண்டேஜ் வண்டின்னு பதிஞ்சுடலாமே” என்றான். அதற்கும் வழியில்லை. 2021-இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்தோடு தனி எண் தருகிறார்கள். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்கு. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் இருக்க வேண்டும். கொட்டகையில் துணி போர்த்தி வைத்திருந்த வண்டிக்கு அந்த மரியாதை கிடைக்கும். ஊருக்கு உழைத்து, உழைப்பதற்காகவே எஞ்சின் மாற்றிக்கொண்ட வண்டிக்குக் கிடைக்காது. எனக்கு இதில் வருத்தம்தான். பழைய டாக்சிகளின் சரித்திரமே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

அதனால் அவனிடம் சொன்னேன்: “மாப்ள, புது எஞ்சின் வேண்டாம். புத்தகத்தில் பதிந்திருக்கும் டீசலையே போர் பார்த்து, பம்பும் நாசிலும் சரி பண்ணு. அதுக்கு முன்னாடி முன்பக்கத்தை முழுசா இறக்கு. டார்ஷன் பார், புஷ், கிங் பின், பிரேக். பணம் பத்தலைன்னா எஞ்சின் வேலையைத் தள்ளிப் போடு, இதைத் தள்ளிப் போடாதே.”

சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்பாவும் இதைத்தான் சொல்லியிருப்பாரு இல்ல?” என்றான். அடுத்த வாரம் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு மெக்கானிக் வருகிறார். புஷ் கணக்குக்கு நானும் போய் உட்காரப் போகிறேன்.