டோக்கியோவில் ஒரு விசில்

நம்மூரில் வீடு மாறினால் ரேஷன் கார்டில் விலாசம் மாற்றுவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். டோக்கியோவில் ஒருத்தர் ஒரு நாள்கூட வரிசையில் நிற்காமல் ஷின்ஜுகு வார்டின் 'விசேஷக் குடிமகன்' ஆகிவிட்டார். வருஷம் 2015. சான்றிதழ் கொடுத்து, கூடவே சுற்றுலாத் தூதர் பதவியும் கொடுத்தார்கள். அவர் பெயர் காட்ஸில்லா!

சும்மா சொல்லவில்லை. ஷின்ஜுகுவின் கபுகிச்சோ பக்கம் போனால் நீங்களே பார்க்கலாம். ஒரு பெரிய கட்டடத்தின் எட்டாவது மாடியிலிருந்து தலையை மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 1954-ல் வந்த முதல் படத்தில் காட்ஸில்லாவின் உயரம் ஐம்பது மீட்டர். அந்த அளவுக்கே இந்தத் தலையையும் வைத்திருக்கிறார்கள். அவ்வப்போது கண்ணில் லைட் எரிய, உறுமல் வேறு. கீழே ரோட்டில் நிற்கிற வெளிநாட்டுக் கூட்டம் செல்போனைத் தூக்கிக்கொண்டு "ஹோ"வென்று கூவுகிறது.

அதே கட்டடத்தில்தான் தியேட்டர். 2023 நவம்பரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கேதான் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' பார்த்தேன். அக்காவும் அத்தானும் இருப்பது நிஷி-கசாய். தடுக்கி விழுந்தால் இந்தியர் மேல் விழுகிற ஏரியா. அவர்களுக்கு நேரமில்லாததால் எனக்குத் துணைக்கு வந்தவள் அக்கா பெண். வயது பன்னிரண்டு. ஜப்பானியப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். என்னைவிடப் பொறுப்பானவள்.

டிக்கெட் இரண்டாயிரம் யென். பி.காம். படித்த பாவத்துக்கு மனசு உடனே கணக்குப் போட்டது. ஆயிரத்து நூறு ரூபாய்! அதிலும் எனக்கு ஜப்பான் பாஷையில் தெரிந்தது இரண்டே வார்த்தை. சப்-டைட்டிலும் கிடையாது.

வாசலிலேயே மருமகள் சட்டம் போட்டாள். "மாமா, உள்ளே பேசக்கூடாது. போனை ஆஃப் பண்ணிடணும். பாப்கார்னை நறநறன்னு மெல்லக்கூடாது. முக்கியமா..."

"விசில் அடிக்கக்கூடாது. தெரியும்மா."

"அம்மா சொல்லச் சொன்னாங்க."

அக்காவுக்கு என் சரித்திரம் தெரியும். 1998-ல் ஹாலிவுட்காரர்கள் எடுத்த காட்ஸில்லாவைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயசு. நியூயார்க்கில் ஒரு கட்டடம் இடிந்தால் எங்கள் தியேட்டரில் நூறு விசில் பறக்கும். அதில் ஒன்று என்னுடையது. இரண்டு விரலை மடக்கி நாக்குக்கு அடியில் வைத்து அடிக்கும் வித்தையை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

படம் ஆரம்பிப்பதற்கு முன் ஒரு விளம்பரம். தலைக்குப் பதிலாக கேமரா வைத்த ஒரு ஆசாமி நடனமாடுகிறான். திருட்டுத்தனமாகப் படம் பிடிக்காதே என்று அர்த்தமாம். போலீஸ் வேன் விளக்கையே தலையாகக் கொண்ட இன்னொருவன் அவனைத் துரத்திப் பிடிக்கிறான். யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். முன்சீட்டுப் பெண்மணி திரும்பாமலேயே திரும்பினார்!

படம் ஓடியது. பாஷை புரியாதவனுக்கு ஒரு சௌகரியம், ஸ்க்ரீனை விட்டு ஜனங்களைப் பார்க்கலாம். அத்தனை பேரும் மூச்சு விடுகிறார்களா என்றே சந்தேகமாக இருந்தது. மரப் படகு ஒன்றை மிருகம் கடலில் துரத்தி வரும்போது நான் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டேன். மற்றபடி ஹாலில் சலனமே இல்லை.

அப்புறம் கின்ஸா வந்தது. அங்கே முதல் நாள்தான் போய் விலையை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ரயில் பெட்டியை வாயில் கவ்விக்கொண்டு வருகிறது காட்ஸில்லா. 1954-ல் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே போட்ட அதே பழைய பி.ஜி.எம். இடி மாதிரி இறங்குகிறது. பின்னே? சினிமா பார்த்து வளர்ந்த தமிழ் உடம்பு என்ன செய்யும்? என்னை அறியாமல் இரண்டு விரல் வாய்க்குப் போய்விட்டது.

மருமகள் என் மணிக்கட்டைப் பிடித்து அப்படியே இறக்கினாள். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணால் பக்கத்து சீட்டைக் காட்டினாள்.

பக்கத்தில் ஒரு தாத்தா. எண்பதைத் தாண்டியிருக்கும். திரையில் மிருகம் நெருப்பைக் கக்க, ஊரே வெள்ளையாகி, காளான் மாதிரி புகை எழும்பி, கொஞ்ச நேரத்தில் கறுப்பாக மழை பெய்ய ஆரம்பித்தது. தாத்தா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மடித்த கைக்குட்டை கையிலேயே இருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. நம்மூர் வழக்கப்படி எழுந்தேன். நான் ஒருத்தன்தான்! கடைசிப் பெயர் போய் விளக்கு எரியும் வரை ஒரு ஆள் அசையவில்லை. தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னைக் கடந்து போகும்போது லேசாகக் குனிந்து "சுமிமாசென்" என்றார். எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையில் அது ஒன்று. மன்னிக்கணும்.

"அது ஹிரோஷிமா மழை மாமா," என்றாள் மருமகள் வெளியே வந்ததும். "குண்டு போட்டப்புறம் அங்கே கறுப்பு மழைதான் பெய்ஞ்சுது. எங்க ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க."

இவர்களுக்கு விசில் ராசியே கிடையாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1998-ல் ஷிபுயாவில் 'சினிமா ரைஸ்' என்ற தியேட்டரில் நம் ரஜினியின் 'முத்து'வைப் போட்டுக் கொண்டாடியதும் இதே டோக்கியோதான். (அந்தத் தியேட்டரை 2016-ல் மூடிவிட்டார்கள்.) இந்தியப் படங்களுக்கென்றே 'மசாலா காட்சி' என்று வைத்து, காகிதப் பூ தூவி, பட்டாசுச் சத்தம் கிளப்பி ஆடுகிறார்கள். 2016-ல் வந்த 'ஷின் காட்ஸில்லா'வுக்கே சத்தம் போட அனுமதித்துத் தனிக் காட்சிகள் நடந்தன. ஆக, கூவத் தெரியாத ஜனம் இல்லை. எப்போது கூவக்கூடாது என்று தெரிந்த ஜனம்.

மறுநாள் ஷின்-கிபா ஸ்டேஷனில் இறங்கி யுமெனோஷிமாவுக்கு நடந்தோம். பெயருக்குக் 'கனவுத் தீவு' என்று அர்த்தம். ஒரு காலத்தில் டோக்கியோவின் குப்பையெல்லாம் கொட்டிய இடம்! இப்போது பூங்கா. நடுவில் ஒரு மண்டபம், அதற்குள் ஒரு மரப் படகு. நுழைய டிக்கெட் இல்லை, என் பர்ஸுக்கு சந்தோஷம்.

படகின் பெயர் 'ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்'. டூனா மீன் பிடிக்கிற படகு. 1954 மார்ச் 1-ம் தேதி பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தியது. சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி மீன் பிடித்துக்கொண்டிருந்த இந்தப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. படகில் 23 பேர். ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பர் 23-ல் இறந்தார். வயது நாற்பது. அதற்கு ஆறாவது வாரம், நவம்பர் 3-ம் தேதி, முதல் 'கொஜிரா' ரிலீஸ். டைரக்டர் இஷிரோ ஹோண்டா. படம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமோ? கடலில் ஒரு கப்பல், திடீரென்று ஒரு வெளிச்சம், கப்பலைக் காணோம்.

அன்றைய ஜனம் அதை ராட்சதப் படமாக மட்டும் எப்படிப் பார்த்திருக்கும்? டோக்கியோ குண்டு வீச்சில் எரிந்து ஒன்பது வருஷம்தான். 1952 ஏப்ரலில்தான் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிந்தது. அந்த வருஷங்களில் அணுகுண்டைப் பற்றி எழுதுவதற்கே தணிக்கை. துயரத்தை வைத்துக் காசு பண்ணுகிறார்கள் என்று சில விமரிசகர்கள் திட்டினார்கள். ஜனமோ கிட்டத்தட்ட 96 லட்சம் டிக்கெட் வாங்கியது. ஜனத்தொகையோடு வகுத்தால் ஒன்பது பேருக்கு ஒரு டிக்கெட்! பலர் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். ரப்பர் உடுப்புக்குள் ஒரு மனுஷன் நுழைந்து பொம்மை வீடுகளை மிதிக்கிறான் என்று தெரிந்தும்தான்.

படகைச் சுற்றி வரும்போது எனக்கு 2009 ஞாபகம் வந்தது. நான் நாகப்பட்டினத்துக்காரன். 2004 டிசம்பர் 26-ல் பிளஸ் ஒன் மாணவன். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். என்னோடு படித்தவர்களும் உண்டு. ஐந்து வருஷம் கழித்து சென்னையில் நண்பர்களோடு '2012' படத்துக்குப் போனேன். மலை உயரத்துக்கு அலை எழும்பி ஊர்களை விழுங்குகிறது. தியேட்டர் முழுக்க விசில். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். "படம் பிடிக்கலையாடா?" என்று கேட்டான் ஒருத்தன். "தலைவலி" என்றேன். நான் சின்ன வயசில் விசிலடித்த காட்ஸில்லாவுக்கும் இதே டைரக்டர்தான் என்று பின்னால்தான் தெரிந்தது.

அன்றைக்கு என்னால் உட்கார முடியவில்லை. ஷின்ஜுகு தாத்தாவோ காசு கொடுத்து வந்து கடைசிப் பெயர் வரை உட்கார்ந்திருந்தார். அவர் 1945-ல் எங்கே கைக்குழந்தையாக இருந்தார், யாரை இழந்தார், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்க பாஷையும் இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து நினைக்க முடியாததை, அவர் அந்த இருட்டில் பலரோடு சேர்ந்து நினைத்துக்கொள்கிறார். அதற்கு ஒரு மிருகம் வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் அலைக்கு அப்படி ஒரு மிருகம் இன்னும் வரவில்லை. வந்தால் நானும் எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்ப்பேனோ என்னவோ.

2024 மார்ச்சில் அந்தப் படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கார் கிடைத்தது. மருமகள் போனில் கத்தினாள். "மாமா, இப்ப அடிக்கலாம்!"

அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.