பழைய புல்லட்டும் புதிய உடம்பும்

சென்னையில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குகிறவர் போய்ச் சேரவேண்டிய இடங்கள் ஒன்றுக்கொன்று அதிக தூரத்தில் இல்லை. கூவம் கரையை ஒட்டிய புதுப்பேட்டையில், ஆயுள் முடிந்த வாகனங்களிலிருந்து கழற்றிய பாகங்கள் கடைவாசல்கள் தோறும் தொங்குகின்றன. அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் சீட்டு தைப்பவர்கள் இருக்கிறார்கள். அதையடுத்த ராயப்பேட்டைச் சந்துகளில், பலகைகூட மாட்டாத பட்டறைகளில், இந்த யந்திரங்களுக்கு மறுபடியும் பிராணன் கொடுக்கிற மெக்கானிக்குகள் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து நான் வாங்கி வந்த பழைய புல்லட்டுடன் அப்படிப்பட்ட பட்டறை ஒன்றுக்குப் போய், வேலை முடியும்வரை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

புல்லட் என்பது சென்னைக்கு அந்நியமான வண்டியன்று. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ஆம் வருஷம் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஸ்தாபித்த பிறகு, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான அந்த 350 சி.சி. வண்டி, 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட ஒற்றை சிலிண்டரோடு, பெரிய மாறுதல் ஏதுமின்றிப் பல பத்தாண்டுகள் ஓடியது. கியர் வலது காலுக்கும் பிரேக் இடது காலுக்கும் அமைந்த அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினின் குணதோஷங்களை அறிந்த கைகள் இந்நகரில் இன்னும் இருப்பது அதனால்தான்.

எல்லோரும் ‘பாய்’ என்றழைக்கும் அந்த மெக்கானிக், முதலில் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, சேஸிஸ் நம்பரை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு ஸ்பேனரையும் தொடாமல் வண்டியைச் சுற்றி வந்து, கைப்பிடி ரப்பரின் தேய்மானத்தையும், புட்ரெஸ்டின் சாய்வையும், சீட்டில் விழுந்திருந்த பள்ளத்தையும், பின் ஷாக் அப்சார்பர்களின் அடியில் உள்ள வளையம் எந்தப் படியில் நிற்கிறது என்பதையும் நிதானமாகப் பார்த்தார்.

“முன்னாடி ஓட்டினவரு உங்களவிட நல்ல உசரம் சார். பின்னால எப்பவும் ஆளோ மூட்டையோ இருந்திருக்கு. இந்த வண்டி அவருக்கு செட் ஆனது, உங்களுக்கு இல்ல” என்றார்.

விற்றவரின் தேக அமைப்பை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஹேண்டில்பார் முன்னோக்கித் திரும்பியிருந்ததும், ஸ்பிரிங்குகள் உச்சப்படியில் இறுகியிருந்ததும் அவருக்கு அவ்வளவையும் உரைத்துவிட்டன.

வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றிருந்தபடியால், ஆயில் கோலை இழுத்துப் பார்த்தபோது அதன் நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை. உதவிக்கு இருந்த இளைஞர் உடனே ஆயில் டப்பாவைத் திறக்கப் போனார், பாய் கையமர்த்தினார். இந்த இன்ஜினில் எண்ணெய்க்கென்று அடிப்பாகத்திலேயே தனி அறை உண்டு. வண்டி நெடுநாள் நின்றால், அந்த அறையின் எண்ணெய் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். அதை உணராமல் மேலும் ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் மிகுதியான எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே பீறிட்டு வெளியேறும். ஆகவே முதலில் சில நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் தன் அறைக்குத் திரும்பிய பின்பே அளக்கவேண்டும். பழைய எண்ணெயை வடித்துப் புதிதாக 20W-50 ஊற்றுவதும் இன்ஜின் சூடாயிருக்கும் அச்சமயத்தில்தான்.

ஸ்டார்ட் செய்வதும் ஒரு வித்தை. சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால், விளக்குக்கூண்டின் மேலுள்ள ஆம்பியர் மீட்டரின் முள் ஓரிடத்தில் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் அழுத்த ஓட்டத்தின் உச்சியை அணுகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஸர் நெம்பியை இழுத்து, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்தி, நெம்பியை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே சீராக உதைக்கவேண்டும். பலத்தால் ஆகிற காரியமன்று. முள்ளைப் பார்க்காமல் உதைக்கிறவர்களின் முழங்காலைக் கிக்கர் திருப்பி அடிப்பதுண்டு.

பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தது, டேப்பெட்டுகளைக் குளிர்ந்த நிலையில் புஷ்ராடு விரலுக்குச் சுழலவும் மேல்கீழாக ஆடாமலும் இருக்கும்படி திருத்தியது, செயினை 25 மில்லிமீட்டருக்குக் குறையாத தொய்வோடு நிறுத்தியது, முன் டயருக்கு 20, பின் டயருக்கு 28 பவுண்டு காற்றுப் பிடித்தது ஆகிய வேலைகள் விரைவிலேயே நடந்தேறின.

ஆனால் பின்சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் டிரம்மைத் திறந்தபோது என் மனம் பதைத்தது. உள்ளே படிந்திருந்த கறுத்த தூசியை அந்த இளைஞர் குனிந்து வாயால் ஊதப் போனார். பழைய பிரேக் ஷூக்களின் லைனிங்கில் கல்நார் கலந்திருந்த காலம் ஒன்று உண்டு. அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கினால், நோய் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். எந்த ஷூ எந்தக் காலத்தது என்று பார்த்தமாத்திரத்தில் சொல்ல இயலாதாகையால், எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே உசிதம் என்று நான் எடுத்துரைத்தேன். பாய் வாதம் செய்யவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பெட்ரோலிலும் கழிவு எண்ணெயிலும் நாள் முழுவதும் ஊறுகிற அவர்களுடைய கைகளுக்கு உறைகளும், அவர்கள் உட்காருவதற்கு முதுகு வளையாத உயரத்தில் ஒரு மேடையும் ஏன் இல்லை என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை. அன்னியருடைய முதுகு நோகாதபடி வண்டியைத் திருத்துகிற மனிதர் மாலையில் எழுந்து நிற்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வதை நியாயமென்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அதற்குப் பின் நடந்ததே என் அபிப்பிராயத்தில் அப்பட்டறையின் உத்தமமான வேலை. பாய் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, என்னை மேலே ஏற்றி உட்காரவைத்து, கண்களை மூடிக்கொண்டு கைகளை இயல்பாக நீட்டும்படி சொன்னார். என் உள்ளங்கை போய் நின்ற இடத்துக்கு ஹேண்டில்பார் வந்தது. விரல்களை நீட்டினால் மணிக்கட்டு மடங்காமல் முன்கையின் நேர்க்கோட்டிலேயே நெம்பிகள் அமையும்படி கிளட்சையும் பிரேக்கையும் சற்றுக் கீழே சாய்த்து, கிளட்ச் கேபிளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு விட்டார். பாதத்தைத் தூக்காமல் சாய்த்தாலே போதுமென்கிற அளவுக்குப் பிரேக் பெடல் தாழ்ந்தது. கியர் நெம்பி ஒரே ஒரு பல் மாற்றிப் பூட்டப்பட்டது. ஷாக் அப்சார்பர் வளையங்கள் தனி ஆளின் எடைக்கு ஏற்ற படிக்கு இறங்கின. கடைசியாக, சிலிண்டர் தலையைச் சட்டத்தோடு பிணைக்கும் பட்டையின் நட்டுகளையும் இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக இறுக்கினார். நீண்ட ஓட்டமுள்ள ஒற்றை சிலிண்டரின் அதிர்வு, அவை தளர்ந்திருந்தால் நேராகக் கைகளுக்கு ஏறி விரல்களை மரக்கச் செய்யும்.

சீட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த முதியவர் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, மெத்தென்றிருந்த மேல்பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். கையால் அழுத்தும்போது சுகமாகத் தோன்றும் மென்மையான பஞ்சு, ஒரு மணி நேரப் பிரயாணத்தில் அடிவரை அமுங்கி, உடம்பின் பாரம் முழுவதையும் இரண்டு எலும்புகளின் மேல் விட்டுவிடும் என்பது அவர் அனுபவம். அடியில் கெட்டியான ஃபோமும் மேலே மெல்லியதொன்றும் ஒட்டி, என்னை உட்காரச் சொல்லி, தொடைகள் படிந்த இடத்தைச் சாக்கட்டியால் குறித்து, முன்பக்கத்தின் இரு ஓரங்களையும் கத்தியால் சீவிக் குறுக்கினார். உயரம் குறையாமலே என் பாதங்கள் தரையில் முழுமையாக ஊன்றின. ரெக்சினை இழுத்துப் பிடிப்பதில் அவர் விரல்கள் காட்டிய பலத்தை, அந்த வயதில், நான் எதிர்பார்க்கவில்லை.

மெரினா வரை ஓட்டித் திரும்பியதும் பாய் பின்சக்கரத்தின் நடுவில் கையை வைத்து, பிரேக் உரசிச் சூடேறவில்லை என்று தெரிந்துகொண்டு, “எந்த விரல் மரத்துச்சு சார்?” என்று கேட்டார். வலதுகைச் சுண்டுவிரல் என்றேன். பிரேக் நெம்பியை இன்னும் சற்று உள்ளே நகர்த்தினார். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளையும் செயினையும் மறுபடி பார்க்கவேண்டுமென்று சொன்னார்.

கணக்கெழுதிய சீட்டில் ஆயில், பிரேக் ஷூ, கேபிள், பாயிண்ட், கழற்றி மாட்டிய கூலி எல்லாம் இருந்தன. பிற்பகல் நெடுகிலும் என் உடம்புக்கு வண்டியைப் பொருத்திய வேலைக்கு அதில் ஒரு வரியும் இல்லை. காரணம் கேட்டேன். “பார்ட்ஸ் மாத்துனா கண்ணுக்குத் தெரியும், குடுப்பாங்க. இத எழுதினா யாரும் ஒத்துக்க மாட்டாங்க சார்” என்றார். புதுப்பேட்டையில் எவரும் விலைக்கு வாங்கிவிடக்கூடிய பாகத்துக்குப் பணமும், முப்பது வருஷம் பழகினாலொழிய வராத அந்தக் கைப்பக்குவத்துக்கு வெறும் நன்றியும் கொடுத்து வருகிற நம் வழக்கம் மாறவேண்டும் என்று அவரிடமே சொன்னேன். சீட்டைத் திரும்ப வாங்கி, ‘செட்டிங்’ என்று ஒரு வரி எழுதி, தொகையைப் போடச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன். அவர் வெகுநேரம் தயங்கி, கிளட்ச் கேபிளின் விலையைவிடக் குறைவாக ஒரு தொகையை எழுதினார். அதை இரட்டித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.