மார்ச்சில் பால் பிடிக்கும் கோதுமை

கோதுமை வாங்கக் கிளம்பும்போது நான் முதலில் விசாரிப்பது, அது விளைந்த பக்கம் மார்ச் மாதம் வானிலை எப்படி இருந்தது என்பதைத்தான். ரகம், ஈரப்பதம், விலை எல்லாம் அப்புறம். தமிழ்நாட்டு மாவு மில்களுக்கு வடக்கிலிருந்துதான் கோதுமை வந்தாக வேண்டும். அப்படி ஒரு மில்லின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்தது 2022ஆம் ஆண்டு.

பஞ்சாபில் நவம்பரில் விதைக்கிறார்கள். பிப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச் முழுக்கக் கதிர் பால் பிடித்து முற்றும். இரவு குளிர்ந்து பகல் இதமாக இருந்தால் மணிக்குள் மாவுச்சத்து நிதானமாக ஏறும். வெயில் முப்பது டிகிரியைத் தாண்டித் தொடர்ந்தால் மாவுச்சத்தைக் கட்டும் நொதிகள் தளர்ந்துவிடும். பயிரும் அவசரமாகப் பழுத்துவிடும். மணி பாதி நிறைந்த நிலையிலேயே நின்றுபோகும். 2022 மார்ச், 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான மார்ச். மழையும் பெயருக்குத்தான்.

அந்த ஏப்ரலில் லூதியானா மாவட்டத்துக் கன்னா மண்டிக்குப் போயிருந்தேன். குவியலில் கைவிட்டு அள்ளினால், தோல் சுருங்கி ஒல்லியாக இருந்தன மணிகள். அள்ளிய பிடியில் கனமே இல்லை. மாதிரிகளை ஊருக்குக் கொண்டுவந்து சோதித்தபோது புரதம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டியது. ஆய்வகத்து இளைஞர்களுக்கு அது நல்ல சேதியாகப் பட்டது. எனக்கோ கவலை. மாவுச்சத்து குறைந்துபோனதால்தான் புரதத்தின் பங்கு ஏறித் தெரிந்தது. பிசைந்த மாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக் குளூட்டன் என்னும் புரதத்தைப் பிரித்துப் பார்த்தோம். நிறையவே வந்தது, இழுத்தால் அறுந்தது. கடும் சூட்டில் முற்றிய மணியில், குளூட்டனில் மாவுக்கு முறுக்கம் தரும் பகுதியான குளூட்டெனின் சரியாகப் பின்னிக்கொள்வதில்லை. அரைவையிலும் அடிதான். ஒல்லி மணியில் தோலின் பங்கு அதிகம் என்பதால் தவிடு கூடி மைதா குறைந்தது.

மண்டியில் தன் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "சர்தார்ஜி, கடைசித் தண்ணீர் எப்போது விட்டீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "மார்ச் நடுவிலே விட்டேன் பேட்டா. வெயிலைப் பார்த்துப் பயந்து இன்னொரு தரமும் விட்டேன். அதுக்குள்ளே கதிர் வெளுத்துப்போச்சு" என்றார். பயிருக்குச் செய்ய வேண்டிய எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் அரசுக் கொள்முதல் விதிப்படி சுருங்கிய, உடைந்த மணிகள் 6 சதவீதம் வரைதான் இருக்கலாம். பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் அந்த வரம்பு 18 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது, அதுவும் விலைக் குறைப்பு இல்லாமல். நியாயமான முடிவு. ஆனால் அது வந்தது மே நடுவில், மண்டியில் வரத்து பெரும்பாலும் ஓய்ந்த பிறகு. வெயில் மார்ச்சிலேயே கண்ணெதிரே இருந்ததே, அப்போதே அளவுகோலை மாற்றியிருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

மறு வருடம் வானம் வேறு விதமாகச் சோதித்தது. 2023 மார்ச் கடைசியில் காற்றோடு மழை; முற்றிய பயிர் சாய்ந்து நனைந்தது. மணி குண்டாகத்தான் இருந்தது, பளபளப்பு மட்டும் போய் வெளுத்திருந்தது. அந்த வெளுப்பு பார்வைக்குத்தான் குறை. கதிரிலேயே முளைவிடத் தொடங்கியிருந்தால்தான் ஆபத்து. முளைக்கும் மணியில் ஆல்ஃபா அமைலேஸ் சுரந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஃபாலிங் நம்பர் சோதனை இருக்கிறது. மாவையும் தண்ணீரையும் ஒரு கண்ணாடிக் குழாயில் கலந்து, கொதிநீரில் நிறுத்தி, அந்தக் கூழில் ஒரு கம்பி கீழே இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. நல்ல கோதுமையில் 300 விநாடிக்கு மேல் போகும். முளைத்ததில் கஞ்சித் தண்ணீரில் விழுந்த கரண்டிபோல் சட்டென்று இறங்கிவிடும். அந்த மாவில் சுட்ட பிரெட்டின் உட்புறம் வெந்த பிறகும் கையில் ஒட்டும். வெளுத்ததெல்லாம் கெட்டது என்று ஒதுக்காமல் மூட்டைக்கு மூட்டை இந்தச் சோதனையை வைத்ததில், மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன நல்ல கோதுமை எங்களுக்குக் கிடைத்தது. விளைவித்தவருக்கும் விலை கிடைத்தது.

சுருங்கிய கோதுமையையும் நான் திருப்பி அனுப்பச் சொல்வதில்லை. மார்ச் வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலும் முற்றிவிடும் மத்தியப் பிரதேசக் கோதுமையோடு கலந்து அரைக்கலாம்.

இப்போது எங்கள் மாதிரிப் பதிவேட்டில் விதைத்த தேதிக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். நவம்பர் முதல் வாரத்தில் விதைத்த வயல், வெயில் ஏறுவதற்குள் மணியைப் பெருமளவு நிறைத்துக்கொள்ளும். டிசம்பருக்குத் தள்ளிப்போனது மாட்டிக்கொள்ளும். நெல் அறுவடை தாமதமானால் விவசாயியால் முந்தி விதைக்க முடியாது, அது தெரிந்ததுதான். முடிந்தவர்களிடம், முந்தி விதைத்த வயலின் கோதுமையைத் தனியாகக் குவித்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் குவிண்டாலுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை தர வேண்டும் என்று முதலாளியிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.